அணு என்றதும் அஞ்சலாமா?

"ஐயா, என் வீட்டுக்காரருக்கு எலும்பு ஸ்கேன் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. அணு மருத்துவமாம். அதை எடுத்தா உள்ளே இருக்கிற நோய் உடம்பெல்லாம் பரவிடும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. எடுக்கலாமா, வேண்டாமா?"

போன வாரம் ஈப்போவிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. நான் மருத்துவர் அல்லன். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வி எங்கள் வீட்டுக் கூடத்திலும் எழுந்தது. அப்போது நான் செய்யவிருந்த ஒரு தவற்றையும் சேர்த்தே இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியண்ணனுக்கு அப்போது வயது 71. இளமையில் தோட்டத்தில் மரம் சீவியவர். பிறகு 22 ஆண்டுகள் லாரி ஓட்டினார். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார். "வயசானா அப்படித்தான்" என்று ஓராண்டை ஓட்டிவிட்டார். ஒரு கிளினிக்கில் இரண்டு முறை நீர்க்கடுப்புக்கு மாத்திரை வாங்கி விழுங்கினார். யாரோ கொடுத்த இலைச்சாற்றையும் மூன்று மாதம் குடித்தார். இடுப்பு வலிக்கிறது என்று சொன்ன பிறகுதான் அண்ணி பிடிவாதமாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

இரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ அளவு 46 என்று வந்தது. திசுச் சோதனையில் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்பது உறுதியானது. உடனே அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "வெட்டி எடுத்துட்டா சரியாப் போயிடும்ல?"

மருத்துவர் அவசரப்படவில்லை. "முதலில் நோய் அந்தச் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். இந்த நோய் பரவினால் பெரும்பாலும் எலும்பைத்தான் முதலில் தேடிப் போகும். முதுகுத்தண்டு, இடுப்பெலும்பு, விலா. ஆகவே எலும்பு ஸ்கேன் எடுத்து வாருங்கள்" என்றார்.

அன்று மாலை வீட்டில் ஒரு மாநாடே நடந்தது. அண்ணியின் தம்பி, "அணு ஊசி போட்டா அதுவே இன்னொரு நோயைக் கொண்டு வரும்" என்றார். ஒரு பெரியம்மா, "தூங்குற பாம்பை ஏன் எழுப்பணும்?" என்று கேட்டார். அண்ணன் ஒன்றும் பேசாமல் தே ஓ கோசோங்கைக் குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "நீதானே படிச்சவன், நீ சொல்லு" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். ஒரு பழைய மாணவி மருத்துவமனை ஒன்றில் கதிரியக்கப் பிரிவில் வேலை பார்க்கிறார். அவரிடம் போய் உட்கார்ந்து மாணவனைப் போலப் பாடம் கேட்டேன். அவர் சொன்னதும், பிறகு நான் படித்துச் சரிபார்த்துக்கொண்டதும் இதுதான்.

எக்ஸ்ரே என்பது வெளியிலிருந்து கதிரைப் பாய்ச்சி உடலின் நிழலைப் பிடிப்பது. அணு மருத்துவம் அதற்கு நேர் எதிரானது. மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருளை இரத்தத்தில் செலுத்துவார்கள். அது தனக்குரிய இடத்தில் போய்ச் சேரும். அங்கிருந்து வெளிவரும் காமா கதிரை ஒரு கேமரா பிடித்துப் படமாக்கும். அந்தக் கேமரா நம் மீது எந்தக் கதிரையும் பாய்ச்சுவதில்லை. நம்மிடமிருந்து வருவதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்தக் காமா கேமராவை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஹால் ஆங்கர் என்பவர் உருவாக்கினார்.

எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படும் பொருள் டெக்னீசியம்-99எம். 1937இல் இத்தாலியின் பலெர்மோ நகரில் பெரியர், செக்ரே என்ற இருவர் கண்டறிந்த தனிமம் டெக்னீசியம். அதன் இந்த வடிவத்தின் சிறப்பு, ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவது. பன்னிரண்டு மணி நேரத்தில் கால் பங்கு. ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதிலும் பெரும்பகுதி சிறுநீரோடு வெளியேறிவிடும்.

இவ்வளவு சீக்கிரம் கரைந்துபோகும் பொருளை மருத்துவமனை எப்படி வைத்திருக்கிறது? இங்கேதான் எனக்குப் பிடித்த செய்தி வருகிறது. அவர்கள் டெக்னீசியத்தை வாங்கி வைப்பதில்லை; அதன் தாயை வாங்கி வைக்கிறார்கள். மொலிப்டினம்-99 என்பது அந்தத் தாய். அது பாதியாகக் குறைய 66 மணி நேரமாகும். ஈயக் கவசம் போட்ட ஒரு சிறு கலத்துக்குள் அது இருக்கும். காலையில் அதன் வழியே உப்புநீரைச் செலுத்தினால், இரவெல்லாம் ஊறிய டெக்னீசியம் மட்டும் கரைந்து வெளியே வரும். மறுநாள் காலை மீண்டும் ஊறியிருக்கும். இந்தத் துறையினர் அந்தக் கலத்தைப் 'பசு' என்றும், எடுப்பதைப் 'பால் கறத்தல்' என்றும்தான் சொல்வார்கள். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 1950களின் இறுதியில் உருவான ஏற்பாடு இது.

இதை நான் அண்ணனிடம் சொன்னபோது முதன்முறையாகச் சிரித்தார். "அப்படின்னா இது நம்ம பால்மரம் மாதிரிதான். காலையிலே சீவி எடுத்தா மறுநாளைக்கும் வடியும்" என்றார்.

டெக்னீசியம் தானாக எலும்புக்குப் போகாது. அதை எலும்பு விரும்பும் பாஸ்பேட் சேர்மம் ஒன்றோடு இணைக்க வேண்டும். அந்த வழியை 1971இல் அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரில் மெக்காஃபீ என்பவரோடு சேர்ந்து வெளியிட்டவர் யார் தெரியுமா? கோபால் சுப்பிரமணியன். இன்று உலகம் முழுவதும் நாள்தோறும் எடுக்கப்படும் எலும்பு ஸ்கேனுக்குப் பின்னால் நமக்குப் பழக்கமான ஒரு பெயர் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

அந்தச் சேர்மம் புற்றுநோயைத் தேடிப் போவதில்லை என்பதை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். எலும்பு எங்கே புதிதாகக் கட்டப்படுகிறதோ அங்கே அது கூடுதலாகச் சேரும். புற்றுநோய் எலும்புக்குள் நுழைந்து அரிக்கத் தொடங்கினால், எலும்பு தன்னைத் தானே பழுது பார்க்க முனையும். அந்தப் பழுது வேலைதான் படத்தில் கறுப்புப் பொட்டாகத் தெரிகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமானால் அந்த இடத்தில் எலும்பின் தாதுப்பொருளில் 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்திருக்க வேண்டும் என்பார்கள். எலும்பு ஸ்கேன் அதற்கு வெகு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். அதுவும் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒரே படத்தில்.

பழுது வேலை என்றால் மூட்டுத் தேய்மானத்திலும் நடக்கும். பழைய எலும்பு முறிவிலும் நடக்கும். கிருமித் தொற்றிலும் நடக்கும். ஆகவே பொட்டு தெரிந்த உடனே புற்றுநோய் என்று அழத் தேவையில்லை. அதேபோல, மைலோமா போன்ற சில நோய்கள் எலும்பை அரிக்குமே தவிர பழுது வேலையைத் தூண்டுவதில்லை. அவற்றை இந்த ஸ்கேன் தவறவிடக்கூடும்.

கதிரியக்கத்தின் அளவு? ஒரு எலும்பு ஸ்கேனில் உடலுக்குக் கிடைப்பது சுமார் 4 மில்லிசீவெர்ட். மண், காற்று, வானம், உணவு என்று இயற்கையிலிருந்தே உலக மக்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் வந்துகொண்டிருக்கிறது. அதாவது ஏறக்குறைய இருபது மாதங்களில் சும்மா இருந்தாலே கிடைப்பது. இந்த ஊசியால் புற்றுநோய் பரவாது. தெரியாமல் இருந்த பரவலைக் காட்டுவதால்தான், "ஸ்கேன் எடுத்த பிறகுதான் பரவிடுச்சு" என்று நம் ஊரில் பேச்சு வருகிறது.

இத்தனையும் கேட்டுவிட்டு அண்ணன், "சரி, போவோம்" என்றார்.

எங்கள் ஊரிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். வாசலில் 'பெருபாத்தான் நுக்லியர்' என்ற பலகையும், மஞ்சளில் கதிரியக்கச் சின்னமும். அண்ணன் ஒரு கணம் நின்றார். "ஹிரோஷிமாவிலே போட்டதும் இந்தக் குடும்பந்தானேடா?" என்றார். "சொந்தக்காரங்கதான், ஆனா குணம் வேற" என்றேன்.

கையில் ஒரு ஊசி, அவ்வளவுதான். பிறகு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொன்னார்கள். எலும்பில் சேராத மருந்து வெளியேற வேண்டும் என்பதற்காக. அன்று முழுவதும் கர்ப்பிணிகளிடமிருந்தும் கைக்குழந்தைகளிடமிருந்தும் சற்று விலகியிருக்கச் சொன்னார்கள். அதன் பிறகு ஒரு குறுகிய மேசையில் மல்லாந்து படுக்க வைத்தார்கள். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. மேசை மெல்ல நகர்ந்தது. அரை மணி நேரம் அசையாமல் இருந்ததுதான் அண்ணன் பட்ட கஷ்டம்.

ஒரு வாரம் கழித்து முடிவு கேட்கப் போனோம். அண்ணன் கழிவறைக்குப் போயிருந்தபோது நான் மட்டும் மருத்துவரின் அறைக்குள் நுழைந்தேன். இளம் மலாய்ப் பெண் மருத்துவர். நான் கேட்டேன்: "டாக்டர், கெட்ட செய்தியாக இருந்தால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள். அண்ணன் தாங்க மாட்டார்."

நம் குடும்பங்களில் இது புதிதல்ல. அப்பாவுக்கும் இப்படித்தான் செய்தோம். "வயித்துப் புண்ணுப்பா" என்று சொல்லியே அனுப்பி வைத்தோம். அவர் கடைசியில் யாரிடம் என்ன சொல்ல நினைத்தாரோ, சொல்லாமலே போனார்.

மருத்துவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "உடம்பு அவருடையது. எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்ய வேண்டியவரும் அவர்தான். அவர் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்காவிட்டால் வற்புறுத்தவும் மாட்டேன்."

அண்ணன் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே, லாரிக்கார மலாயில் நேராகக் கேட்டார்: "டாக்டர், சூடா மெரேபாக்கா?" பரவிவிட்டதா?

"ஆமாம், பாக்சிக்" என்றார் மருத்துவர். திரையைத் திருப்பிக் காட்டினார்.

வெள்ளைப் பின்னணியில் ஒரு மனித எலும்புக்கூடு சாம்பல் நிறத்தில் நின்றது. இடப்பக்க இடுப்பெலும்பில் ஒரு கறுப்புப் பொட்டு. கீழ் முதுகில் இன்னொன்று. அந்த இரண்டும் நோய் பரவிய இடங்கள், சிடி படமும் அதை உறுதி செய்கிறது என்றார். சிறுநீர்ப்பை கறுப்பாகத் தெரிந்தது. அது மருந்து வெளியேறும் வழி, பயப்பட வேண்டாம் என்றார். முழங்கால் இரண்டிலும் தேய்மானம்.

அண்ணன் திரையில் விரலை வைத்தார். "இது என்ன, வலப்பக்க விலாவுல வரிசையா மூணு?"

"இப்படி நேர்கோட்டில் அடுத்தடுத்து வந்தால் பெரும்பாலும் அடிபட்ட எலும்பு. எங்காவது விழுந்தீர்களா?" என்று கேட்டார்.

அண்ணன் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான்கு மாதத்துக்கு முன்பு மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்திருக்கிறார். அண்ணி வண்டிச் சாவியைப் பிடுங்கிவிடுவார் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த அறையில், அந்த நேரத்திலும், மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

வெட்டி எடுக்கும் பேச்சு அன்றோடு நின்றது. நோய் எலும்புக்குப் போன பிறகு சுரப்பியை மட்டும் வெட்டி எடுத்தால் நோய் முழுதாகப் போய்விடாது. அறுவை சிகிச்சையின் வலியும் பின்விளைவும்தான் மிஞ்சும் என்று மருத்துவர் விளக்கினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி, கூடவே மாத்திரை. இந்த நோய்க்குத் தீனி ஆண் ஹார்மோன். அதை நிறுத்தினால் நோய் ஒடுங்கும். குணமாகாது, ஆனால் ஆண்டுக்கணக்கில் கட்டுப்படுத்தலாம் என்றார்.

திரும்பி வரும்போது தாப்பா வரைக்கும் அண்ணன் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நீ தனியா உள்ளே போனது எனக்குத் தெரியும்டா. என்ன கேட்டிருப்பேன்னும் தெரியும். தோட்டத்துல வெள்ளை வேர் நோய் பாத்திருக்கியா? மேல இலையெல்லாம் பச்சையாத்தான் நிக்கும். அடியில தோண்டிப் பாத்தாத்தான் தெரியும். எந்த மரம்னு தெரிஞ்சாத்தான் மருந்து பூச முடியும், பக்கத்து மரத்தையும் காப்பாத்த முடியும். மரத்துக்கே அப்படின்னா எனக்கு மட்டும் ஏன் மறைக்கணும்?"

நான் பதில் சொல்லவில்லை. வண்டியை ஓட்டினேன்.

அந்த மாதத்திலேயே அண்ணன் இரண்டு காரியம் செய்தார். வீட்டு நிலப்பட்டாவை அண்ணியின் பெயருக்கு மாற்றினார். சிங்கப்பூரில் இருக்கும் மகனை வரவழைத்து உட்கார வைத்துப் பேசினார். தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் நமக்கும் ஆபத்து கூடுதல் என்பதால், என்னையும் மகனையும் பரிசோதனைக்கு விரட்டினார். எனக்குப் பிஎஸ்ஏ இயல்பாக இருக்கிறது, ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

இனி, வாசகர்கள் பலரும் கேட்கும் 'பெட் ஸ்கேன்' பற்றி. அதுவும் அணு மருத்துவம்தான். அதில் செலுத்துவது எஃப்டிஜி என்ற கதிரியக்கச் சர்க்கரை. புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அளவுக்கு மீறி விழுங்கும் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டறிந்தார். அந்தப் பேராசையைத்தான் இந்த ஸ்கேன் பயன்படுத்துகிறது. 1976இல் அமெரிக்காவில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள். இதிலுள்ள ஃபுளோரின்-18 பாதியாகக் குறைய 110 நிமிடம் மட்டுமே ஆகும். அதனால் சைக்ளோட்ரான் என்ற இயந்திரத்தில் அன்றன்றே தயாரித்து ஓடோடி வந்து தர வேண்டும். செலவும் கூடுதல், தனியார் மருத்துவமனையில் சில ஆயிரம் வெள்ளி ஆகும். புத்ராஜெயாவிலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் இந்த வசதி உண்டு.

பெட் ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும். சர்க்கரை இல்லாத வெறும் தண்ணீர் குடிக்கலாம். முந்தின நாள் கடும் உடற்பயிற்சி கூடாது. ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசாமல், எதையும் மெல்லாமல் ஓய்வாக இருக்க வேண்டும். வேலை செய்யும் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நீரிழிவு நோயாளிகள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை அதிகமாக இருந்தால் படம் தெளிவாக வராது; ஸ்கேனைத் தள்ளி வைக்கவும் கூடும். இன்சுலினையும் மாத்திரையையும் எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காசநோய் இருந்தாலும் இதில் ஒளிரும். முன்பு காசநோய் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரை ஸ்கேன் எல்லாப் புற்றுநோய்க்கும் பொருந்தாது. புரோஸ்டேட் புற்றுநோய் பல வேளைகளில் சர்க்கரையை அவ்வளவாக விரும்புவதில்லை. அதற்காகவே பிஎஸ்எம்ஏ பெட் என்ற புதிய ஸ்கேன் வந்திருக்கிறது. நம் நாட்டிலும் சில மையங்களில் எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 302 ஆண்களிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், பரவலைச் சரியாகக் கண்டறிவதில் இது 92 விழுக்காடும், எலும்பு ஸ்கேனும் சிடியும் சேர்ந்து 65 விழுக்காடும் துல்லியம் காட்டின.

அதற்காக எல்லாரும் ஓடிப்போய் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. தொடக்க நிலையில், பரவும் ஆபத்து குறைவாக உள்ள மார்பகப் புற்றுநோய்க்கும் புரோஸ்டேட் புற்றுநோய்க்கும், அறிகுறி எதுவும் இல்லாவிட்டால், இவை தேவையில்லை என்றுதான் மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. தேவையில்லாமல் எடுத்தால் ஏதோ ஒரு பழைய அடியைப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் தூக்கம் போகும். "இந்த ஸ்கேனின் முடிவு என் சிகிச்சையை மாற்றுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றும் என்றால் தயங்காதீர்கள்.

இன்னும் ஒன்று. குறித்த நாளைத் தவறவிடாதீர்கள். இந்த மருந்துகளைச் சேமித்து வைக்க முடியாது. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் அணு உலை பழுதாகி, பதினைந்து மாதம் மூடிக் கிடந்தபோது, உலகின் பல நாடுகளில் நோயாளிகள் ஸ்கேனுக்குக் காத்திருக்க நேர்ந்தது. உங்களுக்காக அன்று காலை தயாரித்ததை நீங்கள் வராவிட்டால் வேறு நாளுக்கு வைத்துக்கொள்ள முடியாது. போக முடியாவிட்டால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தாலும், பாலூட்டினாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விழுந்தது, அடிபட்டது எதையும் மறைக்காதீர்கள். மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்ததாக இருந்தாலும் சரி!

நம் நாட்டின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012-2016 அறிக்கைப்படி, 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் நோய் தெரியவருகிறது. என் அண்ணனும் அதில் ஒருவர். இலைச்சாற்றில் கழிந்த அந்த ஓராண்டை யாராலும் திருப்பித் தர முடியாது.

ஈப்போ வாசகிக்கு நான் சொல்வது இதுதான் அம்மா: வீட்டுக்காரரை அழைத்துப் போங்கள். ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டியும், வெட்டியாகக் காத்திருக்க ஒரு நாளிதழும் எடுத்துப் போங்கள். முடிவு எதுவானாலும் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

அண்ணனுக்கு இப்போது 73. பிஎஸ்ஏ ஒன்றுக்குக் கீழே இருக்கிறது. ஊசியால் வியர்த்துக் கொட்டுகிறது, சட்டென்று களைப்பு வருகிறது என்று குறைபட்டுக்கொள்வார். இடுப்பு வலி இல்லை. போன ஞாயிறு போயிருந்தேன். வாசலில் நின்று அண்ணியிடம் வண்டிச் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி கொடுக்கவில்லை.